சிவப்பு வெளுத்த புட்டி

எங்கள் டாக்டரிடம் மருந்து வாங்கப் போகிறவர்கள் காலிப் புட்டியைக் கையோடு கொண்டுபோக வேண்டும். தாழ்வாரத்தின் கடைசியில் ஒரு ஜன்னல் உண்டு. அதற்குப் பின்னால் கம்பவுண்டர் (டாக்டர் எழுதிக் கொடுப்பதைக் கலந்து தருபவர்) உட்கார்ந்திருப்பார். புட்டியை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்ப்பார். மண்ணெண்ணெய் வாசம் அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

நான் முதன்முதலாக அந்த வரிசையில் நின்றபோது அக்கா சண்முகவடிவுக்கு நாற்பத்தாறு வயது. தீட்டு நின்று இரண்டு வருஷம் கழித்து மறுபடி ரத்தம் பட ஆரம்பித்திருந்தது. இடுப்புவலி அதற்கும் முந்தியது. நாற்று நட்ட இடுப்பு, அப்படித்தான் வலிக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ரத்தம் பட்டதை எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டுப் பெண் யாருக்காவது தீட்டு நின்றபின் ஒரு துளி பட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மற்றதைப் பிறகு வந்து படிக்கலாம்.

வெளியூர் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் லேடி டாக்டர் பார்த்தார். கர்ப்பப்பையில் புற்று (சதை தானாக வளர்ந்து பக்கத்துச் சதையை அரிக்கிற நோய்) என்றார். மதராஸில் ரேடியம் வைத்துச் சுடுகிறார்கள், அதற்கும் காலம் கடந்துவிட்டது, வீட்டில் வைத்து வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சீட்டு எழுதிக் கொடுத்தார். ரயிலேறித் தென்காசிக்கு வந்துவிட்டோம். வண்டியில் அக்கா முறுக்கு வாங்கித் தின்றாள்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். ஓரிடத்தில் இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் மூட்டை சுமந்திருக்கிறேன். செங்கோட்டைக்கு மேற்கே கூப்பில் (காட்டில் குத்தகைக்கு மரம் வெட்டுகிற இடம்) மரம் இழுத்திருக்கிறேன். சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வந்து, குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவேன். அக்காவுக்குப் பிள்ளையில்லை. அத்தான் நெல்வண்டி ஓட்டுகிறவர், எழுத்துத் தெரியாது. சீட்டு வாசிக்கத் தெரிந்தவனும் வேறு ஜோலியில்லாதவனும் நான் ஒருவன்தான். மருந்துப் புட்டி என் கைக்கு வந்தது இப்படித்தான்.

முதலில் ஆஸ்பிரின் மாத்திரை கொடுத்தார்கள். தலைவலி, பல்வலி, காய்ச்சலோடு வருகிற மேல்வலி எல்லாவற்றுக்கும் இதுதான் முதலில் தருவது. வெறும் வயிற்றில் போட்டால் வயிறு எரியும். கஞ்சி குடித்தபிறகு போட வேண்டும். இதையே வேறு இரண்டு சரக்கோடு சேர்த்துப் பொடியாக்கிப் பொட்டலம் மடித்தும் தருவார்கள். தலைவலிக்காரர்கள் கேட்டு வாங்குவது அந்தப் பொட்டலத்தைத்தான். அக்காவுக்கு இரண்டு வாரம் ஆஸ்பிரின் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

என் தொழில் புத்தியில் நான் தேய்க்கிற மருந்தாகத் தரச் சொல்லிப் பார்த்தேன்.

"கர்ப்பூரத் தைலம் சுளுக்குக்கு வே," என்றார் கம்பவுண்டர். "உமக்குத் தேய்க்கத் தெரியும்னு சீக்கு அம்புட்டையும் தேய்ச்சே எறக்கிரலாம்னு பாக்கீரோ? கிராம்புத் தைலங்கூட இருக்கு, வேணுமா? அது சொத்தப் பல்லுக்கு. உள்ள இருக்க நோவுக்கு உள்ளதான் மருந்து போவணும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்து கோடீன் (அபினியிலிருந்து எடுக்கும் மெல்லிய மருந்து, இருமலுக்கும் கொடுப்பார்கள்). அது ஒரு மாதம். ஆனி மாதக் கடைசியில் டாக்டர் மருந்தை மாற்றினார். கம்பவுண்டர் தந்த புட்டியில் சிவப்பாக ஒரு தண்ணீர் இருந்தது. கசப்புத் தெரியாமலிருக்கச் சேர்க்கிற ஏலக்காய்ச் சத்தில் கலந்திருக்கும் சாயத்தின் சிவப்பு. புட்டியின் பக்கத்தில் நீளமாக ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதன் ஓரத்தை ரம்பம்போலப் பல் பல்லாக நறுக்கியிருந்தார். ஒரு பல் அளவு ஒரு வேளை. நாலு மணி நேரத்துக்கு ஒரு வேளை.

"இதுல அபினி உண்டுமா?" என்று கேட்டேன்.

"அபினியோட சாரம். மார்பியா. பெரிய வலிக்குக் கொடுக்கது. என்ன, மொகம் செத்துப்போச்சு?"

அபினியை எனக்குத் தெரியும். கூப்பில் கால் உளைச்சலுக்கு மேஸ்திரி ஓர் உருண்டை கொடுத்தார். மூன்று வருஷம் அதை விட முடியவில்லை. கால் உளைச்சல் போய், உருண்டை இல்லாவிட்டால் வருகிற உளைச்சல் மட்டும் மிஞ்சியது. அந்தக் காலத்தில் அக்கா வீட்டுப் பித்தளைக் குடம் ஒன்றை எடுத்துக் கொண்டுபோய் விற்றிருக்கிறேன். "கொடத்த எங்கடா?" என்று அவள் கேட்ட அன்றே கிளம்பிவிட்டேன். நாலு வருஷம் இந்தப் பக்கம் வரவில்லை.

அதை விட்டது குற்றாலத்தில். வயிறு கழன்று போயிற்று, மயிர்க்கால் எல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. எண்ணெய் தேய்க்கிற கூட்டாளி ஒருவன் என் பிடரியைப் பிடித்து அருவிக்குக் கீழே நிறுத்தினான். ஒன்பது நாள். அதற்குப் பிறகு தொட்டதில்லை. என் வாழ்க்கையில் நான் செய்து முடித்த காரியம் அது ஒன்றுதான்.

முதல் புட்டியை அளவு பார்த்துக் கொடுத்தேன். அக்கா தூங்கினாள். எழுந்து கஞ்சி கேட்டாள். கண் பாதி மூடியபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. கூப்பில் உருண்டை போட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள்.

இரண்டாவது புட்டி வந்ததும் பாதியைப் பின்பக்கம் கொண்டுபோய் வாழை மூட்டில் கொட்டினேன். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஊற்றி மட்டத்தைச் சரிசெய்தேன். காகிதத்தின் பல்லுக்கும் மருந்துக்கும் கணக்கு ஒத்துப்போயிற்று. மூன்றாவது புட்டியில் பாதிக்கு மேலேயே கொட்டினேன். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், வேறு ஒன்றுமில்லை.

வீட்டில் கடிகாரம் கிடையாது. காலையில் செங்கோட்டைப் பாசஞ்சர், மத்தியானம் பள்ளிவாசல் பாங்கு, சாயங்காலம் திரும்பி வருகிற பாசஞ்சர், அதற்குப் பின் கோயில் மணி. இவற்றை வைத்து நேரம் பார்த்தேன். அக்காவும் அதை வைத்துத்தான் பார்த்தாள்.

"ஏலே, பாசஞ்சர் போயிருச்சா?"

"இன்னும் இல்லக்கா."

"சத்தம் கேட்டாப்ல இருந்துச்சே."

"அது காத்து."

துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொள்வாள். துண்டில் பல் தடம் இருக்கும். துவைக்கும்போது பார்ப்பேன்.

அத்தான் ஒருநாள் வாசல்படியில் நின்றுகொண்டு கேட்டார். "மாப்ளே, இன்னொரு பல்லு சேத்துக் குடேன். தாங்க முடியலங்காள்ல."

"கூடாது அத்தான். பழகிரும்."

"சீட்டுல அப்படியா எழுதியிருக்கு?"

"ஆமா."

எழுதியிருக்கவில்லை. அவர் போய் மாட்டுக்குப் பக்கத்தில் நின்றார். மாடு வைக்கோல் தின்பதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

ஆடி பாதியில் டாக்டர் வீட்டுக்கு வந்தார். இத்தனை மருந்துக்குமா வலி அடங்கவில்லை என்று அத்தான் போய் அழைத்திருந்தார். டாக்டர் நாடி பார்த்தார், வயிற்றைத் தொட்டார். பிறகு புட்டியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெளிறிய ரோஜா நிறம்தான் இருந்தது. ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"இது நான் கொடுத்த மருந்தில்ல. இதுல யார் கை வச்சது?"

அக்கா படுக்கையில் இருந்தபடியே சொன்னாள்.

"நாந்தான் டாக்டரய்யா. கை தட்டிப் பாதி கவுந்துருச்சு. நீங்க ஏசுவீயன்னு தண்ணி ஊத்தி வச்சேன்."

அவளால் எழுந்து உட்காரவே முடியாது. புட்டி இருந்தது உத்தரத்துப் பரணில்.

டாக்டர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அப்போதே ஒரு ஊசி போட்டார். மார்பியாவையே ஊசியாகப் போட்டால் சீக்கிரம் பிடிக்கும். பாங்குச் சத்தம் கேட்பதற்குள் அக்காவின் கை துண்டை விட்டுவிட்டது.

வெளியே குதிரைவண்டி அருகில் போய் அவரிடம் சொன்னேன். நான்தான் கலந்தேன் என்றேன்.

"குடிச்சியா?"

"இல்லய்யா. கொட்டுனேன்."

"கொட்டுனியா?" அவருக்கு அது புரிய நேரமாயிற்று. "எதுக்கு?"

"பழகிரும்னு." கூப்பில் கால் உளைச்சலுக்கு உருண்டை தின்று பட்டதையும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. களைத்துப்போனவர் மாதிரி வண்டிப் படியில் உட்கார்ந்தார். "பழகட்டுமே. பழகி அவ எங்க போகப்போறா? கூப்புக்கா? கால் உளைச்சலுக்கு அதைத் தின்னா அது விஷம். உங்க அக்காவுக்கு இப்ப அதுதான் சோறு. வலி வந்த பிறகு கொடுத்தா வலிக்குப் பின்னாலேயே ஓடிக்கிட்டிருக்கணும். வர்றதுக்கு முந்திக் கொடு. பல் அளவுக்குக் கொடு. அது போதலைன்னா என்கிட்ட வா, நீயா கூட்டாதே, நீயா குறைக்காதே. மலம் கட்டும், அதுக்கு நிலாவரை தாரேன். விளங்குச்சா?"

விளங்கிற்று. அந்தப் பேச்சை இங்கே முழுதும் எழுதியிருப்பது, உங்களில் யாராவது என்னைப்போல் படுக்கையருகே உட்கார்ந்துகொண்டு புட்டியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பதால்தான்.

மறுநாள் காலையில் அக்கா தெளிவாக இருந்தாள். நான் புதுப் புட்டியைத் திறந்தபோது என் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள்.

"ஏலக்கா வாசம். எப்பவும் உங்கையில இருந்துச்சு. நீ குடிக்கியன்னுல்லா நெனச்சேன்."

"கொட்டுனேன்க்கா. வாழ மூட்டுல."

"டாக்டரு சொன்னதா உங்கத்தான் சொன்னாவ." தலையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். "வாழ நல்லா ஒறங்கியிருக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் குடிக்கேன்னு தெரிஞ்சும் ஏன்க்கா கேக்கல? இருபது நாளு."

"கேட்டா ஓடிருவ. கொடத்தக் கேட்டதுக்கே நாலு வருசம் ஆளக் காணோம்." அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. "வலிச்சாலும் நீ இங்கன இருந்தீல்லா."

நான் காகிதத்தின் பல்லுக்குச் சரியாக மருந்தை ஊற்றிக் கொடுத்தேன். குடித்தாள். சிவப்பு உதட்டில் ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டேன்.

அப்போது அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. பிறகும் வரவில்லை. குற்றாலத்தில் அருவிக்கடியில் வெகுநேரம் நின்றால் தோள் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போகும். அந்த மாதிரி இருந்தது. அந்த மரப்பு இன்றும் முழுதாக விடவில்லை.

ஆவணியில் சாரல் குறைவதற்குள் ஒருமுறை குற்றாலம் போக வேண்டும் என்றாள். டாக்டரிடம் கேட்டேன். கிளம்புமுன் ஒரு வேளை கொடு, திரும்புமுன் ஒரு வேளை கொடு என்றார். அத்தான் வண்டியில் வைக்கோல் பரப்பி அதன்மேல் ஜமக்காளம் விரித்தார். மூன்று மைல் தூரத்தை மாட்டை நடக்கவிட்டே ஓட்டினார். பேரருவிக்கு எட்டத்தில், முகத்தில் தூவானம் படுகிற இடத்தில் வண்டியை நிறுத்தினோம். எண்ணெய் தேய்க்கிறவர்களை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் ஒழுங்காத் தேய்க்கானாலே?"

"அரகொறதான்."

"அப்ப நீ தேயி பாப்போம்."

அவள் காலில் நல்லெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். கால் சில்லென்று இருந்தது, கனமே இல்லை. எங்கே அழுத்தினால் நோகும் என்று கேட்டேன். "இப்ப எங்கயும் நோவல," என்றாள். எத்தனையோ பேரைத் தேய்த்திருக்கிறேன். அந்தப் பதிலை யாரும் சொன்னதில்லை.

புரட்டாசியில், மத்தியான வேளைக்கும் சாயங்கால வேளைக்கும் நடுவில், தூக்கத்திலேயே போய்விட்டாள். துண்டு மடித்தபடி தலைமாட்டில் இருந்தது. சாயங்காலப் பாசஞ்சர் வந்தபோது நான் பரணிலிருந்து புட்டியை இறக்கிவிட்டேன். அத்தான் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கொஞ்சநேரம் அதைப் பிடித்தபடியே இருந்தேன்.

நாலு பல் மருந்து மிச்சம் இருந்தது. காரியங்கள் முடிந்ததும் கொண்டுபோய்க் கம்பவுண்டரிடம் கொடுத்தேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நல்ல சிவப்பு. மருந்தை வேறொன்றில் ஊற்றி வைத்துக்கொண்டார். புட்டியைக் கழுவி என்னிடம் திருப்பித் தந்தார்.

அது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. நான் இன்னும் தென்காசியில்தான் இருக்கிறேன். என் ஆயுசில் இத்தனை நாள் ஓரிடத்தில் இருந்தது இதுதான் முதல் தடவை. அத்தானுக்கு வண்டி ஓட்டிக் கொடுக்கிறேன், சீசனில் அருவிக்குப் போகிறேன். முதுகு வலிக்கிறது. ஆஸ்பிரின் தந்திருக்கிறார்கள். கஞ்சி குடித்துவிட்டுப் போடுகிறேன்.

"வலி எப்படி இருக்கு மாப்ளே?" என்று அத்தான் கேட்பார். பாசஞ்சர் போய்விட்டதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.