தூங்க வைத்த சிஸ்டம்

“இதுக்கு முதல் இந்த வேலை செய்திருக்கிறீரோ, பிள்ளை?” என்று மிஸ்ஸி கேட்டபோது என் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. பழைய கணினியின் மூடியைக் கழற்றி அப்போதுதான் தரையில் வைத்திருந்தேன். “செஞ்சிருக்கேன் மிஸ்ஸி” என்றேன். செய்ததில்லை. பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்த்த கணினிக் கடையிலேயே யாரும் செய்ததில்லை. மிஸ்ஸி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சரி” என்று சொல்லிப் போய்விட்டார்.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு இருபத்து மூன்று வயது. கிள்ளானில் கடைவீட்டின் மேல்மாடியில் இருந்த ஒரு டயாலிசிஸ் நிலையத்தை மிஸ்ஸிதான் நடத்தினார். எங்கள் ஊரில் தாதியரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அங்கே தாதியர் நான்கு பேர் இருந்தும் மிஸ்ஸி என்றால் அவர் ஒருவர்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ரயில்வே குமாஸ்தா குடும்பம். அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். கனத்த உடம்பு, மெதுவான நடை. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனாலும் அவர் ஹாலுக்குள் வந்தால் நோயாளிகள்கூட நேராக உட்கார்ந்துகொள்வார்கள்.

நிலையத்தின் கணினி ஒன்பது வயதுக் கிழம். திடீர் திடீரென்று தானாகவே அணைந்துவிடும். அதற்கு மாற்றுப் பாகம் எங்கும் கிடைக்கவில்லை. புதிய கணினி வாங்கியாகிவிட்டது. ஆனால் நோயாளிகளின் விவரம் வைத்திருந்த மென்பொருளை அதில் ஏற்ற முடியவில்லை. அதை எழுதியவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்றே யாருக்கும் தெரியாது. மிச்சமிருந்தது ஒரே வழி. பழைய இயங்குதளத்தை அப்படியே, அலுங்காமல், புதிய கணினிக்குள் ஒரு பொய்க் கணினியை உண்டாக்கி அதற்குள் ஓடவிடுவது. இப்போது மெய்நிகர் இயந்திரம் என்கிறார்கள். அன்று நான் மிஸ்ஸியிடம் “பொட்டிக்குள்ள பொட்டி மாதிரி” என்றுதான் விளக்கினேன்.

அந்த மென்பொருள் செய்த மிக முக்கியமான வேலை நாற்காலி ஒதுக்குவது. ஹெப்படைடிஸ் பி கிருமி ரத்தத்தில் இருப்பவர்களுக்குத் தனி அறை, தனி இயந்திரம். மற்றவர்களுக்குப் பெரிய ஹால். மாதாமாதம் வரும் ரத்தப் பரிசோதனை முடிவைத் தட்டியதும் பெயர் தானாகவே இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போய் நிற்கும். பெயர் இடம் மாறினால் கிருமியும் இடம் மாறும். அதை மிஸ்ஸி முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை காலை. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் புதிய கணினியில் பொருத்தினேன். பொய்க் கணினியை முடுக்கினேன். முதல் இரண்டு முறை நீலத் திரை வந்து நின்றது. மூன்றாவது முறை, திரைக்குள் ஒரு சிறு சதுரத்தில், அந்தப் பழைய சிஸ்டம் எழுந்து வந்தது. பெயர்ப் பட்டியல் அப்படியே இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மிஸ்ஸி எட்டிப் பார்த்து, “பிரிண்டர் ஓடுதோ?” என்று மட்டும் கேட்டார். ஓடவில்லை. அவருக்கோ அன்று வந்த ஆறு பேருடைய பரிசோதனை முடிவுகளைப் பதிந்து உடனே அச்செடுக்க வேண்டியிருந்தது. டிஸ்க்கைப் பழைய கணினிக்கே திருப்பித் தரச் சொன்னார்.

அங்கேதான் என் பிழை. பொய்க் கணினியை முறையாக மூடியிருக்க வேண்டும். அது எழுந்து வரவே அவ்வளவு நேரம் ஆகிறதே என்று, மூடாமல் தூங்க மட்டும் வைத்தேன். டிஸ்க்கை எடுத்துப் பழைய கணினியில் பொருத்திக் கொடுத்தேன். மிஸ்ஸி ஆறு முடிவுகளையும் தட்டினார், அச்செடுத்தார், சாப்பிடப் போனார். நான் டிஸ்க்கை மறுபடி புதிய கணினியில் மாட்டி, தூங்கியதை எழுப்பினேன். உடனே எழுந்தது, விட்ட இடத்திலிருந்தே. சந்தோஷத்தில் அப்படியே ஓடவிட்டு, பிரிண்டரைச் சரி செய்யக் கையேட்டைப் புரட்டினேன்.

கட்டம் கட்டிய ஒரு எச்சரிக்கை கண்ணில் பட்டது. தூங்கும் கணினியின் டிஸ்க்கை வேறு எங்கும் இயக்காதே என்று இருந்தது. இரண்டாம் முறை படித்தபோதுதான் உறைத்தது. தூங்கிய சிஸ்டத்துக்கு இடையில் போன நேரம் தெரியாது. அதற்கு இன்னும் பத்து மணிதான். தன் நினைவில் இருக்கும் பழையதை, டிஸ்க்கில் இருக்கும் புதியதன் மேல் எழுதிக்கொண்டே போகும். மிஸ்ஸி பதிந்த ஆறு பேரையும் தேடினேன். ஆறு பேருக்கும் போன மாத முடிவுதான் இருந்தது. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. பட்டியல் காலையில் இருந்த மாதிரியே அழகாக, ஒழுங்காக, பொய்யாக நின்றது.

தாதியர் இந்தத் திரையைப் பார்த்துத்தான் ஆளை உட்கார வைப்பார்கள். அடுத்த சுற்று இரண்டு மணிக்கு. அதற்குள் யாருக்கும் தெரியாமல் சரி செய்துவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம், ஹாலில், நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. யாரோ சீக்கிரமே வந்துவிட்டார்கள்.

சாப்பாட்டு அறை வாசலில் போய் நின்றேன். மிஸ்ஸி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“மிஸ்ஸி, காலையில நீங்க போட்ட ரிசல்ட் எல்லாம் போச்சு. லிஸ்ட்டு தப்பா காட்டுது. என்னாலதான்.”

“எத்தினை பேற்றை?”

“தெரியல மிஸ்ஸி. அந்த ஆறு பேரு... வேற எதாச்சும் போயிருக்கா தெரியல. நான் இத இதுக்கு முன்னாடி செஞ்சதே இல்ல.”

மிஸ்ஸி சோற்றுக் கையோடு எழுந்து ஓடினார். அந்த உடம்பு ஓடி நான் பார்த்தது அன்று ஒருமுறைதான். “ஊசி போடவேண்டாம்! ஒருத்தருக்கும் போடவேண்டாம்!”

நான்காம் நாற்காலியில் லோரி அங்கிள். கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர்; அந்த ஆறு பேரில் ஒருவர். சீக்கிரம் வந்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று வந்திருந்தார். ஊசி கையில் ஏறியிருந்தது. குழாயின் கிளிப்பை இன்னும் திறக்கவில்லை. இளம் தாதி கிளிப்பில் விரல் வைத்தபடியே உறைந்து நின்றாள். ரத்தம் இயந்திரத்துக்குள் போகவில்லை. இன்னும் அரை நிமிடம் போயிருந்தால் போயிருக்கும்.

மிஸ்ஸி கை கழுவி, உறை மாட்டி, தானே ஊசியை எடுத்தார். அங்கிளைத் தனி அறைக்கு அழைத்துப் போகச் சொன்னார். ஹாலில் இருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனி அறை என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

“என்னா மிஸ்ஸி,” என்றார் அங்கிள். “எனக்கா?”

மிஸ்ஸி இரண்டு மணிக்கு அவரை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டு, பக்குவமாகச் சொல்வதற்காக நாற்காலியெல்லாம் எடுத்துப் போட்டு வைத்திருந்தார். அது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. என் அவசரத்தால் அங்கிள் தன் வியாதியைப் பத்துப் பேர் முன்னால் தெரிந்துகொண்டார்.

முதல் நாள் நான் எடுத்து வைத்திருந்த டிஸ்க்கின் நகல் எங்களைக் காப்பாற்றியது. விடுபட்டதை அச்சிட்ட தாள்களிலிருந்து திரும்பத் தட்டினோம். கடை முதலாளி அன்றே போன் செய்து வேறு ஆளை அனுப்புவதாகச் சொன்னார். மிஸ்ஸி பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். “வேறை ஆள் வேண்டாம். இந்தப் பிள்ளை நல்லாப் பயந்திட்டுது. பயந்த ஆள் கவனமாச் செய்யும்.” போனை வைத்த பிறகு என்னிடம், “தெரியாதெண்டதைக் காலமையே சொல்லியிருக்கலாம்” என்றார். அவ்வளவுதான் திட்டு. நகலை வைத்தே அந்தச் சிஸ்டத்தைப் பெட்டிக்குள் குடியேற்றினேன். பல வருடங்கள் அங்கேயே ஓடியது. இன்று இதே வேலையை ஒரு காலைப் பொழுதில் முப்பது நாற்பது இயந்திரங்களுக்குச் செய்கிறோம். பயப்பட ஒன்றுமில்லை என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். நான் பயந்துகொண்டேதான் செய்கிறேன்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. செவ்வாய்க்கிழமை லோரி அங்கிள் டயாலிசிஸுக்கு வரவில்லை. போனையும் யாரும் எடுக்கவில்லை. ஒரு முறை விட்டால் மூச்சு முட்டும். இரண்டு முறை விட்டால் ஆளே போய்விடலாம். புதன்கிழமை மதியம் மிஸ்ஸி கார் சாவியை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். “அவர் அப்பிடிக் கேள்விப்பட்டது உம்மாலை. நீரும் வாரும்.”

கம்போங் மேடானில் மலிவு விலை அடுக்குமாடி வீடு. போகும் வழியெல்லாம் அவர் இறந்திருப்பார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தவர் அவர் மனைவி. அங்கிளின் வியாதி பற்றிய சேதி யார் மூலமாகவோ ஆன்டிக்கு முன்பே எட்டியிருந்தது. அங்கிள் அறையில் தனியாகப் படுத்திருந்தார். முகம் ஊதியிருந்தது. ஜன்னல் திட்டில் ஒரு தட்டும் ஒரு சில்வர் குவளையும், மற்ற பாத்திரங்களிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன.

“வரல லா மிஸ்ஸி,” என்றார் அங்கிள். “அங்க வந்தா எல்லாரும் பாக்குறாங்க. இங்க பேரப்பிள்ளைய கிட்ட விடமாட்றாங்க. போதும்.”

மிஸ்ஸி அந்தத் திட்டைப் பார்த்தார். ஆன்டியிடம் தேநீர் கேட்டார். ஆன்டி கண்ணாடிக் கோப்பையை எடுக்க, “அது வேண்டாம், அதிலை தாரும்” என்று ஜன்னலோரக் குவளையைக் காட்டினார். ஆன்டி தயங்கி ஊற்றினார். மிஸ்ஸி பாதி குடித்துவிட்டுக் குவளையை என்னிடம் நீட்டினார். “இது சாப்பாட்டிலை வராது, குவளையிலை வராது, பேரனைத் தூக்கினா வராது. ரத்தத்திலை வரும். உங்கள் எல்லாருக்கும் தடுப்பூசி நான் போடுறன்.” பிறகு என்னிடம், “குடியும்.”

அவர் சொல்வது உண்மை என்று எனக்குத் தெரியும். இருந்தும் குவளையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அங்கிள் படுத்தபடியே என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குடித்தேன். சீனி அதிகம். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் குவளையை ஆன்டியிடம் கொடுத்தேன். அவர் அதைக் கொண்டுபோய்ச் சமையலறையில் கழுவி, மற்றக் குவளைகளோடு கவிழ்த்து வைத்தார்.

அங்கிள் சட்டையைக் கேட்டார். நானும் மிஸ்ஸியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாடிப்படியில் இறக்கினோம். கால் வீங்கியிருந்ததால் செருப்பு நுழையவில்லை. ஆன்டி அந்தச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு, பின் இருக்கையில் அவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டார்.