வெந்நீர்த் தொட்டியில் மூன்று மணி நேரம்

யசுனோரி ஹராகுச்சி நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். அடுத்த வாரமே ஒரு வேனை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். படுக்கை, அடுப்பு, கை கழுவும் தொட்டி எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன.

"ரெண்டே மாசம். கியூஷூ தீவோட கடலோரமாவே போவோம். எங்கெல்லாம் வெந்நீர் ஊற்று இருக்கோ அங்கெல்லாம் இறங்கிக் குளிப்போம்" என்றார்.

அவர் மனைவி கினுயே பள்ளிச் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். வெந்நீரில் உட்காரலாம் என்ற நினைப்பே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. ஏப்ரலில் ஒகாயாமாவை விட்டுக் கிளம்பினார்கள்.

இரண்டு மாதம் ஐந்து மாதமாயிற்று. "இன்னும் ஒரே ஒரு முனைதான்" என்பார் யசுனோரி. கடலுக்குள் நீண்ட அந்த நிலமுனை வந்ததும் வரைபடத்தில் அடுத்த முனையைக் காட்டுவார். வேனுக்குள் ஒருவர் நடந்தால் இன்னொருவர் காலை மடக்கி உட்கார வேண்டும். காலை ஐந்து மணிக்கு அவர் டயரில் காற்றுப் பார்க்க எழுந்தால் அவளும் எழுந்துதான் ஆகவேண்டும். படுக்கையை மடித்தால்தான் கதவு திறக்கும். மழை நாட்களில் அவருடைய ஈர சாக்ஸ் அவள் தலைக்கு மேலே தொங்கும். பக்கத்தில் வேன் நிறுத்தும் ஆட்களிடம் அவர், "எங்க வீட்டம்மாவுக்கும் இதுதான் உசிரு" என்று சொல்லும்போது கினுயே தலையாட்டிச் சிரிப்பாள். அப்படிச் சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தது.

குளிக்கும் இடங்களில் மட்டும் அவளுக்கு மூச்சு வந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அங்கேயும் அரை மணி நேரம்தான். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஏய், நான் கிளம்பறேன்!" என்று குரல் வந்துவிடும். அவள் அவசரமாக உடம்பைத் துடைத்துக்கொண்டு ஓடுவாள்.

செப்டம்பரில் ஒரு நாள் மத்தியானம் இரண்டு மணி. கியூஷூவின் தென்கோடியில், ககோஷிமா பக்கம், ஒரு சின்ன மீன்பிடி ஊர். பொதுக் குளியலறைக்கு முன்னால், துறைமுகத்துக்குப் போகிற குறுகிய சந்தில் யசுனோரி வேனை நிறுத்தினார். "ரெண்டே நிமிஷம்" என்று சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு மீன் வடை வாங்கப் போனார். அப்போது கினுயேவின் போன் அடித்தது. ஊரிலிருந்து பக்கத்து வீட்டு ஒகினோ.

"ஏன் கினுயே, வீட்டை விக்கப் போறீங்களாமே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே நீ! தரகர் ஒரு இளம் ஜோடியைக் கூட்டிட்டு வந்து சுவரெல்லாம் அளந்துட்டுப் போறார்."

கினுயே என்ன பதில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. அது அவள் அப்பா கொடுத்த நிலத்தில் கட்டிய வீடு. பாதி அவள் பெயரில் இருந்தது. பத்திரத்தில், கையெழுத்துக்குப் பதிலாக, அவளுடைய பதிவு முத்திரையைக் குத்தாமல் யாரும் அதை விற்க முடியாது. முத்திரை வீட்டில், அலமாரிக்குள் பத்திரமாக இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தாள். வேனின் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். மருந்துப் பெட்டியின் அடியில், கட்டுத்துணிச் சுருளுக்குக் கீழே, அவர் மறைத்து வைத்திருந்த முத்திரை இருந்தது.

முத்திரையையும் வேன் சாவியையும் துண்டில் சுருட்டிக்கொண்டு நேரே குளியலறைக்குள் போனாள்.

வடையோடு திரும்பிய யசுனோரி சாவியைக் காணாமல் தேடினார். பின்னால் ஒரு மீன் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. குளியலறை வாசலில் காசு வாங்குகிற ஃபுசாகோ, "உங்க வீட்டம்மா உள்ள இருக்காங்க" என்றாள். "கூப்பிடுங்களேன்" என்றார். "கூப்பிட்டாச்சு, வரமாட்டாங்களாம். இங்க நின்னு கத்தக் கூடாது. குளிக்கிற ஆளா உள்ள போய்க் கத்துங்க."

வேறு வழியில்லாமல் அவர் உடையைக் கழற்றிவிட்டு ஆண்கள் பக்கம் இறங்கினார்.

"கினுயே! சாவி எங்க?"

"எங்கிட்ட இருக்கு."

"லாரி நிக்குது. வெளிய வா."

"வரல. என் முத்திரையும் எங்கிட்டதான் இருக்கு."

அந்தப் பக்கம் அவர் குழாயைத் திறந்துவிட்டார்.

தொட்டியில் இருந்த பெண்களில் ஒருத்தி, "என்ன முத்திரை அக்கா?" என்றாள். கினுயே சொன்னாள். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக யாரோ கேட்டதால் வேன், சாக்ஸ், முனைகள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அட, எங்க வீட்டு ஆளு படகைத்தான் சொல்லாம வித்தான். இவரு வீட்டையேவா!" என்று அந்தப் பெண் சுவருக்கு அப்பாலும் கேட்கும்படி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கினுயேவுக்குச் சிரிப்பு வரவில்லை. முத்திரை சுருட்டிய துண்டைக் கைக்கெட்டும்படி விளிம்பில் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் போயிற்று, இரண்டும் போயிற்று. உடம்பு தாங்காதபோது விளிம்பில் உட்கார்ந்தாள், குளிர்ந்தால் மறுபடி இறங்கினாள். லாரிக்காரனும் அலுத்துப்போய் ஆண்கள் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டான். "ஐயா, ஐஸ் கரையுது. கால்ல விழுந்தாவது சமாதானமாப் போங்க" என்றான்.

கடைசியில் யசுனோரி பேசினார். குரல் சின்னதாக இருந்தது.

"வீட்டுக்குத் திரும்பி வந்து நான் என்ன பண்ணுவேன், சொல்லு. சமையலறை உன்னோடது. முன்னறை உன் பாட்டுக் குழுவோடது. நான் எங்க உக்காந்தாலும் 'கொஞ்சம் நகருங்க, துடைக்கணும்'ங்கறே. வேன்லதான் எனக்குன்னு ஒரு சீட்டு இருக்கு."

அவள் அப்படிச் சொன்னது உண்மைதான். அவர் ஓய்வு பெற்ற அந்த ஒரு வாரத்தில் எத்தனை தடவை சொன்னாள் என்று அவளுக்கு நினைவிருந்தது. ஆனாலும் கோபம் இறங்கவில்லை.

"அதை எங்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கேட்டா வேணாம்னிருப்பே."

"ஆமா, வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"அதனாலதான் கேக்கல."

"தரகருக்குப் போன் பண்ணுங்க. எனக்குக் கேக்கணும். அப்பதான் சாவி."

உள்ளே போன் பேசக் கூடாது என்பது அங்கே சட்டம். இரண்டு பக்கத்துக்கும் நடுவே இருக்கும் தன் மேசையில் மட்டும் ஃபுசாகோ விதிவிலக்குக் கொடுத்தாள். யசுனோரி இடுப்புத் துண்டோடு நின்று, கண்ணுக்குத் தெரியாத தரகருக்கு மூன்று முறை குனிந்து வணங்கி, விற்கவில்லை என்று சொன்னார். தரகர் பேசியதெல்லாம் ஒலிபெருக்கியில் பெண்கள் பக்கமும் கேட்டது. உடை மாற்றும் அறையிலிருந்து கினுயே சாவியை நீட்டியபோது மணி ஐந்து. விரல்கள் ஊறிச் சுருங்கிப் போயிருந்தன.

மறுநாள் காலை அவர் அவளை ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விட்டார். "நானும் வரட்டா?" என்றார். "மெதுவா வாங்க" என்றாள்.

பதினொரு நாள் கழித்து அவரும் ஊர் வந்து சேர்ந்தார். குளிர்காலம் முழுக்கப் பகலில் வாசலில் நின்ற வேனுக்குள்ளேயே உட்கார்ந்து வரைபடம் பார்த்தார். சாப்பாட்டுக்கு மட்டும் வீட்டுக்குள் வருவார். கினுயே தேநீர் கொண்டுபோய் ஜன்னல் வழியாகக் கொடுப்பாள், ஏறமாட்டாள். மாடியில் தன் தையல் அறையைக் காலி செய்து, "இது உங்களுக்கு" என்றாள். அவர் அங்கே ஒரு நாற்காலி போட்டார். வாரத்துக்கு இரண்டு நாள் அதில் உட்கார்ந்தார்.

மார்ச்சில், "ஷிமானே கடலோரம் போலாமா?" என்று கேட்டார். கேள்வியாகத்தான் கேட்டார்.

"ஏழு நாள்" என்றாள் கினுயே. "எட்டாவது நாள் எந்த ஊரா இருந்தாலும் இறங்கிடுவேன்."

எட்டாவது நாள் வந்தது, கடலைப் பார்த்த ஒரு சின்ன நிலையத்தில். அடுத்த ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. யசுனோரி வேனைப் பூட்டிவிட்டு வந்து பெஞ்சில் அவள் பக்கத்தில், கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தார். ரயில் வந்ததும் அவளுடைய பெட்டியை அவர் தூக்கி உள்ளே வைத்துவிட்டு நடைமேடையில் நின்றார்.