சிப்பி முகம்

பிள்ளை வரம் வேண்டி என்னை ராமேசுவரத்தில் ஒரு மண்டலம் தங்கவைத்தார்கள். என் வீட்டுக்காரர் அப்போது ரங்கூனில் வட்டிக்கடையில் இருந்தார். நடுவில் ஒரு கடல் கிடக்கிறதே, வரம் எந்த வழியாக வரும் என்று நான் கேட்கவில்லை. மாமியாரிடம் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது. மானாமதுரை வரை மாட்டு வண்டியில் இடுப்பு ஒடிந்து, அப்புறம் ரயிலேறி, பாம்பன் பாலத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, நாங்கள் இருவரும் தீவுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

காலையில் தீர்த்தம், கோயில், பிரகாரம். உச்சிக்கு மேல் மாமியார் சத்திரத்தில் படுத்துக் குறட்டை விடுவார். சாமியிடம் அவ்வளவு நேரம் சிபாரிசு செய்த களைப்பு. நான் கடற்கரைக்குப் போய்விடுவேன்.

எனக்கு ஒரு பயம் இருந்தது. என் வீட்டுக்காரர் முகம் மறந்துகொண்டே வந்தது. கல்யாணம் முடிந்த கையோடு கப்பலேறியவர். மூன்று வருஷம் கழித்துத்தான் வருவார். இருந்த கொஞ்ச நாளிலும் நேராகப் பார்ப்பது மரியாதை இல்லை என்று தரையைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் கால் விரல்களைக் கேட்டால் அச்சாகச் சொல்வேன். வீட்டில் வெள்ளைக்காரத் துரை, துரைசாணி படமெல்லாம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. பெற்ற மகன் படம் ஒன்றுகூட இல்லை. படம் பிடித்தால் ஆயுசு குறையுமாம். துரைக்குக் குறைந்தால் பரவாயில்லை போலிருக்கிறது.

மிச்சமிருந்த முகத்தையாவது பிடித்து வைப்போம் என்று, கரையில் ஒதுங்கிய படகுப் பலகை ஒன்றை எடுத்து வந்தேன். வேலம்பிசினை ஊறவைத்து, சிப்பிகளை மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினேன். கண்ணுக்குச் சோழி. மீசைக்குக் காய்ந்த கடற்பாசி. நெற்றித் திருநீற்றுக்கு வெள்ளைப் பவளப்பொடி. காது இரண்டும் நன்றாக அமைந்துவிட்டன. மூக்குதான் வம்பு செய்தது. நீட்டினேன், குறுக்கினேன், கடைசியில் எனக்குப் பிடித்த மாதிரி ஒரு சின்ன மூக்கை வைத்துவிட்டேன். முடித்ததும் அழுகை வந்துவிட்டது. அவர் என்னைப் பார்ப்பது போலவே இருந்தது. நானும் கூசாமல் பார்த்தேன்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று அது மாமியார் கண்ணில் பட்டது.

"இது யாருடி?"

"ஒங்க மகன்தான் அயித்தை."

பாராட்டுவார் என்றுதான் நினைத்தேன். என் புத்தி அப்படி.

"உசுரோட இருக்கவன எலும்புல செஞ்சு வச்சிருக்கியே, நீ நல்லா இருப்பியா!"

கடலில் போடவும் விடவில்லை. "அது அவன் கப்பல்ல வர்ற கடலு. அங்குட்டுப் போடாதே." அவரே யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் புது வீட்டுக்குச் சுண்ணாம்பு சுட, மாமனார் மூட்டை மூட்டையாகச் சிப்பி அனுப்பச் சொல்லியிருந்தார். பலகை சத்திரத்து அடுப்புக்குப் போனது. என் வீட்டுக்காரர் மூட்டைக்குள் போனார்.

எங்கள் ஊர் கண்டனூரில் அவரைக் காளவாயில் போட்டுச் சுட்டார்கள். அரைத்து, முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காய்ச் சாறும் சேர்த்து முகப்புச் சுவரில் பூசினார்கள். கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். வீட்டுப் பிள்ளையை இவ்வளவு சிரத்தையாகக் கவனித்த குடும்பம் வேறு இருக்காது. அந்தச் சுவரைக் கடக்கும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்வேன். வந்தவர்களோ தடவித் தடவிப் பார்த்தார்கள். தேக்கு பர்மா, பளிங்கு இத்தாலி என்று மாமனார் அடுக்குவார். சுவருக்கு மட்டும் ராமேசுவரம் என்று சொல்ல அவருக்குக் கூச்சம்.

வரம் வரவில்லை. ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை.

சொன்ன கெடுவில் என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். வண்டியிலிருந்து இறங்கியவரைக் காலை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். முகப்புக்கு வந்ததும் சுவரைத் தடவினார். குனிந்து உற்றுப் பார்த்தார்.

"இங்குட்டு வந்து பாரு, என் மொகம் அப்படியே தெரியுது!"

மாமியார் சட்டென்று என்னைப் பார்த்தார். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"தெரியாம என்ன செய்யும்?" என்றேன்.

என் வீட்டுக்காரர் தோளுக்குப் பின்னால் போய் நின்று, சுவரில் தெரிந்த முகத்தை முதன்முறையாக ஆசைதீரப் பார்த்தேன். சுவரைப் பார்ப்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லையே. மூக்கை நான் ரொம்பச் சின்னதாக வைத்திருந்தேன்.