நாற்பது டன்னும் எட்டு டயரும்

கனத்த இயந்திரங்களை ஏற்றும் லோபெட் டிரெய்லர் வைத்துப் பிழைப்பவனுக்கு மேலே தொங்கும் கரண்ட் கம்பியும் கீழே படுத்திருக்கும் சிறுபாலமும்தான் பயம், மற்றதெல்லாம் அப்புறம். ஜி.எஸ்.டி. ரோட்டில் எங்கள் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, ஹாரனை அமுக்கி அமுக்கிக் கை வலித்துப் போன அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் பின்னால் பட்ட அதே பாட்டை நாங்கள் முன்னால் பட்டுக்கொண்டிருந்தோம்.

செங்கல்பட்டில் என் ஷெட். கிரேன், புல்டோசர், டிரான்ஸ்ஃபார்மர் என்று இருபது வருஷமாக ஏற்றி இறக்குகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ராணுவ வேலை கிடைத்தது. அதிலிருந்து வருஷத்தில் பாதி நாள் என் அடுப்பு எரிந்தது அதை வைத்துத்தான்.

தூக்கிச் சுமக்க வேண்டிய பலசாலி

முதல் நாள் டாங்கியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். சுவரை இடிக்கும், பள்ளத்தைத் தாண்டும், சேற்றில் அனாயாசமாகப் போகும் என்றார்கள். சரி, அப்படிப்பட்ட பலசாலிக்கு வழவழவென்று கிடக்கும் தார் ரோட்டில் தானாக வர என்ன கேடு, அதற்கு ஏன் என் டிரெய்லர் என்று கேட்டுவிட்டேன். வேலை கொடுக்கிறவர்களிடம் கேட்கக்கூடாத கேள்வி. ஆனாலும் கேட்டேன்.

அப்போது அந்த டாங்கியை ஓட்டிக்கொண்டிருந்தவர் ஹவில்தார் ஏகாம்பரம், நம்ம அச்சரப்பாக்கத்துக்காரர். டாங்கியின் சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புச் செயினைக் குனிந்து காட்டி விளக்கினார். ஒவ்வொரு கண்ணியிலும் ரப்பர் கட்டை, கண்ணிகளை இணைக்க இரும்பு முளை. ரோட்டில் ஓட ஓட இரண்டும் தேயும். அது தானாகப் போகும் ஒவ்வொரு கிலோமீட்டரும் அதன் ஆயுளில் கழிந்துகொண்டே வரும். ஒரு செயினைக் கழற்றி மாற்ற நாலைந்து பேருக்கு ஒரு நாள் முழுக்க இடுப்பு ஒடியும். டீசலை அது குடிப்பதைச் சொல்லவே வேண்டாம். நான் கேட்டுக்கொண்டே நின்றதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாய், காட்டுல இது ராஜா. தார் ரோட்டுல வுட்டா இதுக்கும் காலு தேஞ்சிடும், ரோடும் பேந்துடும்."

டில்லியின் எலுமிச்சம்பழம்

என் டிரைவர் டில்லி பழம் வைக்காமல் வண்டியை நகர்த்த மாட்டான். நான் பிஸ்மில்லா சொல்லிக் கதவைத் திறப்பேன். எலுமிச்சம்பழம் அவன் இலாகா. டயர் என்றால் அவனுக்குக் கவலையில்லை. பழம் நசுங்கும், சாறு தெறிக்கும், மனசு நிறையும். டாங்கி டிரெய்லரில் ஏறப்போன அன்றைக்கு, இரண்டு செயினுக்கு முன்னாலும் ஒவ்வொரு பழம் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

டாங்கி உறுமிக்கொண்டு பழங்களின்மேல் போனது. தரை அதிர்ந்ததில் என் பல்லே கூசியது. போன பிறகு பார்த்தால் ஒரு பழம் இருந்த இடமே தெரியவில்லை. இன்னொன்று இரண்டு ரப்பர் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் சந்தில் அகப்பட்டு, லேசாக மண்ணில் அழுந்தி, மஞ்சள் குலையாமல் உட்கார்ந்திருந்தது. டில்லி அதைக் கையில் எடுத்துத் துடைத்தான். அபசகுனமா நல்ல சகுனமா என்று அவனுக்கே தெரியவில்லை. "நாப்பது டன்னு மேல ஏறிப் போயிருக்குது பாய், பழம் பழமாவே கீது."

ஒருவர் வர ஐந்து வண்டி

போன வருஷம் சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே கடற்கரையில் ராணுவக் கண்காட்சி. டாங்கி ஒன்று, எட்டு டயர் வைத்த கவச வண்டி ஒன்று. ஏகாம்பரத்தை இப்போது டயர் வண்டிக்கு மாற்றியிருந்தார்கள். இரண்டும் ஒரே இடத்திலிருந்து ஒரே காலையில் கிளம்பின. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் கடற்கரையில் இருந்தார். குளித்துவிட்டு, துணி துவைத்துக் காயவும் போட்டாராம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது மறுநாள். எங்களுக்கு முன்னால் ஒரு ஜீப், அதில் மூங்கில் கழியால் கம்பியைத் தூக்கிவிட ஓர் ஆள். பிறகு என் டிரெய்லர். பின்னால் மெக்கானிக் வேன், உதிரிச் செயின் ஏற்றிய லாரி, டீசல் லாரி. டாங்கியின் எடையோடு டிரெய்லரின் எடையும் சேர்ந்துகொண்டதால், தாங்காது என்று சொல்லப்பட்ட இரண்டு பாலங்களைச் சுற்றிக்கொண்டு வந்தோம். திருக்கழுக்குன்றத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது கடைக்கார அம்மா ஐந்து வண்டிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நடுவில் தார்ப்பாய் போர்த்தி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். கிளாஸை என் கையில் கொடுத்துக்கொண்டே கேட்டார்: "இம்மாம் பெரிய வண்டிக்கு ரோட்டுல நடக்கக் குடுத்து வைக்கலியா?"

மணல்

கடற்கரையில் பொறுப்பாக இருந்த மேஜர் வடநாட்டுக்காரர், நல்ல மனிதர். டீ கொடுத்து உட்கார வைத்து, என் தலையில் இடியையும் இறக்கினார். டயர் வண்டி மணலிலும் ஒழுங்காக ஓடிவிட்டால், இனி இந்தப் பக்கத்து வேலைக்கெல்லாம் அதுவே போதும் என்று ரிப்போர்ட் எழுதப்போகிறாராம். டாங்கி வராது. டாங்கி வராவிட்டால் எனக்கு என்ன வேலை?

முதலில் டாங்கியை மணலில் இறக்கினார்கள். நான் செருப்போடு காலை வைத்தேன், கணுக்கால் வரை போனது. பக்கத்தில் நாற்பது டன் போன தடத்தைப் பார்த்தேன். நாலு விரல் ஆழம்தான் இருக்கும். நம்பாமல் குனிந்து விரலை வைத்தே அளந்தேன். நீளமான பலகையைத் தானே விரித்து, அதன்மேல் தானே நடந்து, பிறகு தானே சுருட்டி எடுத்துக்கொண்டு போகிற வண்டி அது. அந்த நிமிஷம் என் பிழைப்புக் கவலை மறந்து போய்விட்டது.

அடுத்து ஏகாம்பரம். விருந்தினர்கள் பார்க்க வருகிறார்கள், டயர் விறைப்பாக நிற்க வேண்டும் என்று காலையிலேயே காற்றை முழுசாக ஏற்றி, கறுப்பு பாலிஷ் போடச் சொல்லியிருந்தார் மேஜர். வண்டி முப்பது அடிகூடப் போகவில்லை. டயர்கள் சுற்றின, மணல் பறந்தது, எட்டும் பாதி வரை புதைந்தன. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அங்கேதான் ஏகாம்பரத்தின் மனைவி செல்வி நின்றிருந்தார். அச்சரப்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் புருஷன் வண்டி ஓட்டுவதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று காலையில்தான் என்னிடம் சொல்லியிருந்தார். இப்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மறைப்பானேன்? டாங்கியைக் கொண்டுவந்து இழுங்கள் என்று மேஜர் உத்தரவு போட்டபோது, அல்லா கண்ணைத் திறந்துவிட்டான் என்றே நினைத்தேன். இரும்புக் கயிறு வந்தது. டயரைப் பார்க்கிற சாக்கில் இறங்கிய ஏகாம்பரம் என் பக்கத்தில் வந்து குனிந்து, தரையைப் பார்த்தபடியே பேசினார். "பாய், காத்த எறக்கினா வந்துடும். நான் சொன்னா எதிர்த்துப் பேசறேன்னு ஆயிடும். நீங்க சொன்னா யோசனை."

எனக்கும் அது தெரியும். டயரோடு இருபது வருஷம் குடித்தனம் பண்ணியவன். பேசாமல் இருந்தால் என் டிரெய்லர் பிழைக்கும். இரும்புக் கயிற்றைப் பார்த்தேன், செல்வியைப் பார்த்தேன். மேஜரிடம் போய், கருங்குழியில் என் டிரெய்லர் ஒரு தடவை ஏரி மண்ணில் சிக்கியபோது காற்றைக் குறைத்துத்தான் எடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டினார்.

ஏகாம்பரம் உள்ளே போய் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஏதோ திருகினார். எட்டு டயரும் ஒரே நேரத்தில் புஸ்ஸென்று மூச்சு விட்டன. காற்று பார்ப்பதற்காக ஒவ்வொரு டயராகக் குந்தியே முழங்கால் தேய்ந்தவன் நான், சொக்கிப் போனேன். விறைத்து நின்ற டயர்கள் சம்மணம் போட்டமாதிரி மணலில் பரந்து உட்கார்ந்தன. வண்டி ஒரு தடவை முனகியது, அசைந்தது, ஏறி வந்தது. அலை தொடும் ஈரம் வரை போய் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பியது. கூட்டம் கை தட்டியது. செல்வி தட்டவில்லை. இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு, பார்த்தது பார்த்தபடி நின்றார். மேஜர் என் தோளில் தட்டிச் சொன்னார்: "குட் ஐடியா பாய். ரிப்போர்ட்ல எழுதறேன்."

அடுத்த வருஷத்து அழைப்பு

சொன்னபடி எழுதிவிட்டார். இந்த வருஷமும் அதே கடற்கரையில் கண்காட்சி. மேஜரே போன் பண்ணி மரியாதையாக அழைத்தார், குடும்பத்தோடு வந்து பார்க்கும்படி. டயர் வண்டி மட்டும்தான் வருகிறது, டிரெய்லர் வேண்டாமாம். நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டு ஷெட் வாசலில் உட்கார்ந்தேன். டில்லி வண்டியைக் கழுவுகிற வேலையை நிறுத்திவிட்டு என்னவென்று கேட்டான். சொன்னேன். அவனுக்கும் அதே டிரெய்லர்தான் சோறு. பைப்பை மூடிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நம்ம சோத்துல நாமளே மண்ண அள்ளிப் போட்டுக்கினோம் பாய்," என்றான். பைப்பைத் திறக்க எழுந்தவன் திரும்பிச் சொன்னான்: "ஆனா அன்னிக்கு அந்த அக்கா மொகத்தப் பாத்தீங்களா?"

நாற்பது டன்னை அலுங்காமல் ஊர்விட்டு ஊர் சுமந்த என்னால், ஒரே ஒரு யோசனையை வாய்க்குள் வைத்துச் சுமக்க முடியவில்லை. அவ்வளவுதான் நடந்தது, அன்பர்களே.