வெர்னா போடச் சொன்ன பூஜ்யம்

வெர்னா ஹோஸ்டெட்லர் ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. ஒஹாயோவில் எங்கள் குடிநீர் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டியவள். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது அவளுக்கு. அந்த ஜனவரிக் காலையில் மட்டும் ஆறிப்போன காப்பியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மேசை என்னுடையது.

புதிதாக வந்த கணினி நிரல், பன்னிரண்டு வருட மீட்டர் கணக்கை ஒரே மூச்சில் விழுங்கி, முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளைத் துப்பியிருந்தது. ஆறு மாதம் பூஜ்யம் காட்டினால் அது ஆளில்லாத வீடாம். குழாய் உறைந்து வெடிப்பதற்குள் தெருவிலேயே தண்ணீரை அடைத்துவிட வேண்டும். பத்து மணிக்கு அடைக்கப் போகும் வண்டி கிளம்பும்.

இதற்கெல்லாம் உங்கள் அலுவலகம் தயாரா என்று மாநிலத்திலிருந்து ஒரு படிவம் வந்தபோது, எங்கள் இயக்குநர் ஹாலரன் எல்லாக் கட்டத்திலும் 'தயார்' என்று டிக் போட்டு அனுப்பியிருந்தார். மனிதர் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருந்தால் பூஜ்யத்தின் கதை தெரிந்திருக்கும். வாசலில் நாய், பூட்டிய கேட், பனியில் புதைந்த மீட்டர் என்றால் எண்ணைப் பார்க்க முடியாது. கட்டத்தைக் காலியாக விட்டாலோ பழைய கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது. "பூஜ்யத்தப் போட்டுட்டுப் போங்கப்பா, அப்புறம் சரிபண்ணிக்கலாம்" என்றாள் வெர்னா, ஒரு காலத்தில். அந்த அப்புறம் வரவே இல்லை. பில் பழைய சராசரிக் கணக்கில் போய்க்கொண்டிருந்தது, யாரும் கேட்கவில்லை.

"சொல்லப் போறியா?" என்றேன் மெதுவாக.

"சொன்னா இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவான்டி."

"சொல்லலைன்னா?"

"எவளாவது கைக்குழந்தையோட உள்ள இருப்பா. இந்தக் குளிர்ல..."

பத்தேகாலுக்கு, தண்ணீரை அடைக்கப் போன எங்கள் ஆள் டெல்பர்ட் வண்டியிலிருந்து கூப்பிட்டான். முதல் வீடு முடிந்ததாம். வெர்னா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"கதவத் தட்டினியா?"

"ஆளில்லாத வீட்டுக் கதவ எதுக்குத் தட்டணும் மகாராணி? பேய் வந்து தொறக்குமா?"

"தட்டுடா!"

தட்டினான். சத்தமில்லை. மறுபடியும் தட்டினான். நாய் குரைத்தது. பிறகு ஒரு பெண்ணின் குரல் போனைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"யாருய்யா நீ? தலை பூரா சோப்பு! எவன் தண்ணிய நிறுத்துனது?"

அலுவலகத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். வெர்னா சிரிக்கவில்லை. நேரே ஹாலரனின் அறைக்குள் போனாள், கதவைக்கூடச் சாத்தவில்லை.

"வண்டிய நிறுத்துங்க. அந்தப் பூஜ்யமெல்லாம் நான் போடச் சொன்னது. மீட்டர் பாக்க முடியாத வீட்டுக்கும் அதத்தான் போட்டோம்."

"எத்தனை வீடு?"

"தெரியாது. எது நெசம், எது பொய்னு எனக்கே தெரியாது. முன்னூத்திப் பன்னெண்டு கதவையும் தட்டித்தான் பாக்கணும்."

ஹாலரன் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். முகம் செத்திருந்தது. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"இது வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

பத்தொன்பது வருடமாக அந்தப் பூஜ்யங்களைத் தட்டச்சு செய்தவள் நான். அங்கே தெரியாதவர் யார்? என் கண் திரையை விட்டு நகரவில்லை.

"எனக்கு மட்டுந்தான்" என்றாள் வெர்னா.

ஹாலரன் வாசலைக் கைகாட்டினார். அவள் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். பொத்தான் போட அவளுக்கு நேரம் பிடித்தது. அந்த நேரத்திலாவது நான் எழுந்திருக்கலாம். எழவில்லை. பயந்தாங்கொள்ளி என்று என்னை யாரும் சொல்ல வேண்டியதில்லை, எனக்கே தெரியும்.

அந்த வாரம் முழுக்க டெல்பர்ட்டுடன் சேர்ந்து நானும் கதவு தட்டினேன். நாற்பத்தேழு வீடுகளில் ஆட்கள் இருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். வெர்னாவின் கதவை மட்டும் இன்னும் தட்டவில்லை.