மச்சாளின் வயலில் களையில்லை

தோப்பூரில் என் வயலும் அண்ணன் மனைவியின் வயலும் பக்கத்துப் பக்கத்தில், நடுவில் ஒரு வரம்புதான். எனக்கு அவள் மச்சாள், அவளுக்கு நான் மச்சாள். மருந்து அடிக்காமல் நெல் செய்வோம் என்று சேர்ந்த ஏழு குடும்பங்களில் நாங்கள் இருவரும் உண்டு. அந்தப் பெரும்போகத்தில் நாற்று நட்டதிலிருந்து நான் முதுகு ஒடியக் களை பிடுங்கினேன். மச்சாளோ வரம்பில் நின்று வெற்றிலை போட்டாள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அவள் செய்ததெல்லாம் எனக்குத் தெரியும், ஒளித்துப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். முதல் உழவுக்குப் பிறகு நிலத்தை நனைத்துவிட்டுச் சும்மா இருந்தாள். புல் பச்சைப் பசேலென்று முளைத்தது. "மச்சாள் புல்லுப் பயிர் செய்யிறா" என்று வீடு வீடாய்ப் போய்ச் சிரித்தேன். முளைத்ததையெல்லாம் அவள் திரும்ப உழுது சேற்றில் புதைத்தாள். நிலத்தை மட்டமாக்கி நாற்று நட்டு, கணுக்கால் தண்ணீரை வற்றவிடாமல் நிறுத்தினாள். அந்தத் தண்ணீருக்கு மேலே ஒரு புல் தலை காட்டவில்லை. என் வயல் மேடும் பள்ளமும். மேட்டிலெல்லாம் கோரை கொழுத்து நின்றது.

அடுத்த போகத்துக்கான விதைநெல்லை யாருடைய வயலில் எடுப்பது என்று பார்க்க, திருகோணமலையிலிருந்து ஓர் அலுவலர் வர இருந்தார். களை விதை கலக்காத வயல்தான் வேண்டும். மற்ற ஆறு வீட்டாரும் அந்த வயல்காரியின் வாசலுக்கு வந்து விதை கேட்பார்கள். அந்தப் பெருமை எனக்கு வேண்டும் என்பதைவிட, அவளுக்குப் போகக்கூடாது. அதுதான் உண்மை.

நடவு முடிந்த இரண்டாம் கிழமை, மகளின் பிள்ளைப்பேற்றுக்காக மச்சாள் குச்சவெளிக்குப் புறப்பட்டாள். அண்ணன் கட்டாரில். "தண்ணியை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ மச்சாள்" என்று என்னிடமே சொன்னாள். ஓம் என்றேன். அன்று மத்தியானமே அவள் வயலின் வடிவாய்க்கால் பக்கத்து வரம்பில் மண்வெட்டியை இறக்கினேன். ஒரே வெட்டு. தண்ணீர் ஓட ஓட நெஞ்சுக்குள் என்ன குளிர்ச்சி!

பத்து நாள் கழித்து அவள் வந்தபோது வயல் காய்ந்து, கோரையும் புல்லும் போட்டி போட்டுக் கிளம்பியிருந்தன.

"நண்டு வரம்பைத் துளைச்சுப்போட்டுது மச்சாள். நானும் கவனிக்கேல்ல" என்றேன்.

குனிந்து அந்த இடத்தைப் பார்த்தாள். மண்ணைப் போட்டு மிதித்து அடைத்தாள்.

அலுவலர் வருவதற்குள் என் மேட்டுக் கோரையை நான் ஒருவழியாகப் பிடுங்கி முடித்திருந்தேன். அவர் என் வயலைத்தான் எடுத்தார்.

மறுநாள் விடிய வயலுக்குப் போனால், என் நெல்லுக்குள் மச்சாள் குனிந்து நிற்கிறாள். நான் தவறவிட்ட கோரையைத் தேடித் தேடிப் பிடுங்குகிறாள்.

"உங்கட வயல் அப்பிடிக் கிடக்க, இங்க என்ன மச்சாள்?"

"இந்த விதையைத்தானே நானும் போடோணும்." அவள் நிமிரவில்லை. "நண்டு துளைச்சால் வட்டமா இருக்கும் மச்சாள். மண்வெட்டி வாய் அளவுக்கு இராது."

சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு அவளுடைய வயலில் களை பிடுங்கப் போனேன். போகிற வழியில் அவள் வரம்பில் போட்டிருந்த கோரையைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் கிழங்கோடு முழுசாக வந்திருந்தது. நான் பிடுங்கினால் எப்போதும் பாதியில் அறுந்துவிடும். அப்போதும் எனக்கு வயிறு எரிந்தது.