எஞ்சின் நின்றால் விழிப்பவர்

சிந்தாதிரிப்பேட்டையில் பஸ் ஏறியதும் ஜன்னலோர இடம் கிடைத்ததை அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். லஸ்ஸில் எனக்கு இன்டர்வியூ. எழுபதுகளில் அது கிடைப்பதே பெரும்பாடு.

அடுத்த நிறுத்தத்தில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பெரிய உடம்பு. முழங்கால்கள் முன்சீட்டில் முட்டின. பஸ் நகர்ந்ததும் குழந்தையைப் போலத் தூங்கிவிட்டார்.

லஸ் வந்தது. கூப்பிட்டேன், உலுக்கினேன். கண்டக்டர் அவர் காதருகே விசில் ஊதிப் பார்த்தார். மனிதர் அசையவில்லை. அவரைத் தாண்ட இடமில்லை, ஜன்னலிலோ கம்பி. பஸ் புறப்பட்டுவிட்டது. என் வேலையும் போயிற்று.

கடைசி நிறுத்தமான அடையாறில் டிரைவர் எஞ்சினை அணைத்தார். அந்த நிசப்தத்தில் காக்கிச் சட்டைக்காரர் திடுக்கிட்டு விழித்தார்.

"எவ்வளவு நேரம் எழுப்பினேன் தெரியுமா?" என்று கத்தினேன்.

"சத்தம் போட்டா நான் முழிக்க மாட்டேன் சார். சத்தம் நின்னாதான் முழிப்பேன். ஐஸ் பேக்டரில டீசல் எஞ்சினாண்டயே படுத்துக்கினு இருந்தவன். அது நின்னுச்சுன்னா ஐஸ் கரைஞ்சிடும், எழுந்து ஓடணும். இப்ப கரன்ட் மோட்டார் வெச்சுட்டு என்னை அனுப்பிட்டாங்க. ஊட்ல ஒரே அமைதியா கீது சார், கண்ணே மூட மாட்டேங்குது. அதான் பஸ்ல வந்து தூங்கறேன்."

அவர் உட்கார்ந்தபடியே திரும்புவதற்கும் டிக்கெட் வாங்கினார்.

"நீயும் குந்து சார். லஸ் வந்தா எழுப்பு, வழி வுடறேன்."

நான் எழுவதற்குள் எஞ்சின் உறுமியது. அவர் தூங்கிவிட்டார்.